'சானடோரியம்' ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு டாக்டர்: யார் இந்த சவுரிமுத்து?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குறவங்களில் பலருக்கு டாக்டர் டேவிட் சவுரிமுத்துவைத் தெரியாது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு... அவ்ளோதான் சிகிச்சை! இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அப்படியொரு சானடோரியத்தை நடத்தினார். 1917-ல் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் கணிதமேதை ராமானுஜனும் ஒருவர். (அவருக்கு வந்தது காசநோய்தானா என்ற சந்தேகம் இன்னமும் தீரவில்லை.)

ஊர் திரும்பிய சவுரிமுத்து, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், சானடோரியமே தேவையில்லை என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு காட்டியது. அதைப் பார்க்க அவர் இல்லை. தாம்பரம் மருத்துவமனை இன்றும் நெஞ்சக நோய்களுக்காக இயங்குகிறது.