பத்து கேபியில் ஓடிய கணினி

லேப்ல சிஸ்டம் கொஞ்சம் இழுத்தாலே ப்ராசஸரை மாத்தணும்னு கிளம்பிடுறோம். உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தோமா? இந்த இதழில், நம்ம நாட்டிலேயே கணினி கட்டிக் காட்டிய ஆர். நரசிம்மன்.

1926-ல் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படிச்சுட்டு, அமெரிக்காவில் கால்டெக்கில் முதுகலையும் இண்டியானாவில் கணித முனைவர் பட்டமும் முடித்தார். 1954-ல் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அவர் குழு எடுத்த எடுப்பில் பெரிய மெஷினில் கை வைக்கவில்லை. முதலில் ஒரு சின்ன மாதிரிக் கணினி. அது 1956-ல் ஓடியது. அதில் கற்றதை வைத்து முழுக் கணினியைக் கட்டி, 1960-ல் இயக்கினார்கள். 1962-ல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார் நேரு. சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள். நினைவகம் 40 பிட் அளவில் 2,048 சொற்கள். கணக்குப் போட்டா வெறும் 10 கேபி!

அதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறியிருந்தது. 1964-ல் அதே நிறுவனத்துக்கு சிடிசி 3600 வந்தது. பார்த்துப் பார்த்துக் கட்டிய மெஷினுக்கும் ஆயுசு அவ்வளவுதான்.

நரசிம்மன் தேங்கி நிற்கவில்லை. படங்களைக் கணினிக்குப் புரிய வைக்கும் ஆய்வில் இறங்கினார். 1975-ல் தொடங்கிய சிஎம்சி நிறுவனத்தின் முதல் தலைவரானார். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனதும், அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி தலையில்தான் விழுந்தது. 1977-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2007-ல் மறைந்தார்.

டிஃப்ராக்கின் ஒவ்வொரு குழாயும் கட்டினவங்களுக்குத் தெரியும். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை மாடல், கோர், த்ரெட் எல்லாம் சொல்லிடும். சின்ன ஸ்கிரிப்ட் எழுதி லேப் முழுக்க ஓட்டினா ஒரே பட்டியல் ரெடி. கூடவே, வேலை நடக்கும்போது ப்ராசஸரும் ரேமும் எவ்வளவு நிரம்புதுன்னும் பதிவு பண்ணுங்க. ப்ராசஸர் சும்மா இருந்து ரேம் நிரம்பி வழிஞ்சா, வாங்க வேண்டியது ரேம்தான்.

குடவாசல் பக்கம் கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா, எங்கே அடைச்சிருக்குன்னு வாய்க்கால் ஓரமா நடந்து பார்த்துட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பாங்க. அப்கிரேடுக்கும் அதே கணக்குதான்!