முதியோரின் அடைக்கலம்: புனித ழான் ழுகான்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் தேவ அன்னைக்கு எழுப்பிய ஆலயத்தை அடைக்கல மாதா ஆலயம் என்கிறோம். ஆதரவற்ற முதியோருக்குத் தம் வாழ்வையே அடைக்கலமாக்கிய ஒரு புனிதையை இங்கு நினைவுகூர்வோம்.

ழான் ழுகான் 1792ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், பிரான்சு நாட்டின் கான்கால் என்னும் கடற்கரையூரில் பிறந்தார். மீனவரான தந்தை, ழான் சிறு குழந்தையாயிருக்கையிலேயே கடலில் மறைந்தார். வறுமையில் வளர்ந்த ழான், இளவயதிலேயே ஒரு சீமாட்டியின் சமையலறையில் வேலைக்கமர்ந்தார். பின்னர் சேன் செர்வான் நகர மருத்துவமனையில் நோயாளருக்குப் பணிவிடை செய்தார்.

1839ஆம் ஆண்டுக் குளிர்காலம். கண்பார்வையற்று, பக்கவாதத்தால் முடங்கிய ஒரு மூதாட்டியை ழான் தம் இல்லத்திற்குக் கொண்டுவந்தார். தம் படுக்கையை அவருக்களித்துவிட்டுத் தாம் பரணில் உறங்கினார். அப்போது அவருக்கு வயது 47. அந்த ஒரு படுக்கையிலிருந்து வளர்ந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. இரந்துண்டு வாழ்ந்த மூதாட்டியரிடம், வழக்கமாக உதவுவோர் யாரெனக் கேட்டறிந்து, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடை ஏந்தி வாசல்தோறும் சென்றார்.

1843இல் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். சபையை நடத்திய குருவானவரோ அத்தேர்தலை ஒதுக்கி, 23 வயதுச் சகோதரி ஒருவரை நியமித்தார். 1852 முதல் 27 ஆண்டுகள் ழான் தாய்மடத்தில் ஒதுக்கப்பட்டிருந்தார். சபையைத் தொடங்கியவர் இவரே என்பது இளங்கன்னியர் பலருக்கும் தெரியாது. முதியோரைக் கேட்டுக் கேட்டுப் பணி செய்தவரை, அவரது முதுமையில் எவரும் கேட்கவில்லை. முறையிடாமல் ஜெபித்திருந்து, 1879 ஆகஸ்ட் 29 அன்று தமது 86ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1882இல் அவரது சபை கல்கத்தாவிலும் இல்லம் திறந்தது. 2009இல் திருச்சபை அவரைப் புனிதையாக உயர்த்தியது.

இவர் வாழ்வு நமக்குக் கூறுவதென்ன? பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூரும் வெளிநாடும் செல்ல, முதியோர் பலர் வீட்டில் தனித்திருக்கின்றனர். சிலர் முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். கடும் நோய் வந்து பேச்சிழந்தபின், அவர் என்ன விரும்பினார் என்று பிள்ளைகள் தமக்குள் வாதிட்டு என்ன பயன்?

இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். தம் சார்பில் முடிவெடுப்போரையும் அதில் குறிப்பிடலாம். கருணைக்கொலையைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும் மரணம் நெருங்கிய வேளையில், பயனின்றித் துன்பத்தை நீட்டும் சிகிச்சையை மறுப்பது குற்றமன்று என்று 1980இல் தெளிவாக்கியுள்ளது.

அன்புத் தோழியரே! இவ்விடுமுறையில் பாட்டியின் அருகில் அமருங்கள். நோயுற்றால் எங்கே இருக்க ஆசை, யார் பக்கத்தில் வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டாம், குருவானவரை எப்போது அழைக்க வேண்டும் என்று பொறுமையுடன் கேளுங்கள். அவர் சொல்வதைப் பெற்றோரிடம் கூறுங்கள். ழான் ழுகானுக்குக் கிட்டாத அந்தக் கேள்வி நம் பாட்டிமாருக்கேனும் கிட்டட்டும்.