அறுவைக் கத்தி அறியாத பேதம்

மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அயர்லாந்தின் கார்க் நகரில் 1789-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த மார்கரெட் ஆன் பல்க்லி, தம் தாய்மாமனான ஓவியர் ஜேம்ஸ் பாரியின் பெயரை ஏற்று, ஆணுடையில் 1809-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1812-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பணியில் இணைந்தார். அன்று முதல் இறக்கும் வரை உலகம் அவரை ஆணாகவே அறிந்தது.

மயக்க மருந்தும் கிருமிநீக்க முறையும் நடைமுறைக்கு வராத அந்நாளில், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தால் தாய் பிழைப்பது அரிதினும் அரிது. 1826-இல் கேப் டவுனில் பாரி செய்த அத்தகைய அறுவை சிகிச்சையில் தாயும் சேயும் உயிர் பிழைத்தனர். நன்றி மறவாத பெற்றோர் குழந்தைக்கு அவர் பெயரையே சூட்டினர்.

முன்கோபியான அவர் மேலதிகாரிகளோடு ஓயாது மோதினார். ஆயினும் சிறைக் கைதிகள், தொழுநோயாளிகள், மனநோயாளிகள் ஆகியோரின் நலனுக்காகவும் தூய குடிநீருக்காகவும் மோதிய மோதல்கள் அவற்றுள் பல. கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு கார்ஃபு தீவில் சிகிச்சை அளித்தார். ராணுவ மருத்துவமனைகளின் தலைமை ஆய்வாளர் என்னும் உயர்பதவியையும் எட்டினார்.

1865-இல் லண்டனில் அவர் மறைந்தபின், உடலைத் தூய்மை செய்த பெண்மணியால்தான் உண்மை வெளிப்பட்டது. பாரி தம்மை எவ்வாறு உணர்ந்தார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், பெண்ணாகவே நின்றிருந்தால் அந்தக் கத்தி அவர் கைக்கு வந்திராது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டு பிரிட்டனில் எலிசபெத் காரெட் பெண்ணாகவே மருத்துவ உரிமம் பெற்றபோது, உரிமம் வழங்கிய சங்கம் பிற பெண்கள் அவ்வழியே வராதபடி விதியை மாற்றியது.

ஒருவர் வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாது. எனினும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் 2019 வரை அறுவை சிகிச்சை பெற்ற 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறித்து 2023-இல் வெளியான ஆய்வு கவனத்துக்குரியது. பெண் மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றோருக்கு மரணமும் பின்விளைவுகளும் சற்றே குறைவு என அது கண்டது. ஆனால், அவர்களிடம் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ 13 சதவீதத்தினரே.

பெண்ணின் கை உயர்ந்தது என்று இதனால் முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்தக் கையை நம்பத் தயங்குவதற்குச் சான்று ஏதுமில்லை என்பதை உணர்ந்தால் போதும். பாரியிடம் உயிர் பிழைத்தவர்கள் அவர் ஆணா, பெண்ணா என்று அறிந்து பிழைக்கவில்லை.