வால்டெமர் ஹாஃப்கின்

வால்டெமர் ஹாஃப்கின் (மார்ச் 15, 1860 - அக்டோபர் 26, 1930) காலரா, பிளேக் ஆகிய நோய்களுக்குத் தடுப்பூசி உருவாக்கி இந்தியாவில் பயன்படுத்திய பாக்டீரியாவியல் அறிஞர் ஆவார். கொல்லப்பட்ட பாக்டீரியாவும் உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் என்பதை இவரது பிளேக் தடுப்பூசி நடைமுறையில் காட்டியது.

இளமை

அன்றைய உருசியப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நுண்ணுயிர்களை விழுங்கும் உயிரணுக்களே உடலின் காவலர்கள் என விளக்கிய இல்யா மெச்னிக்கோவிடம் விலங்கியல் பயின்றார். 1889இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் உதவி நூலகராகச் சேர்ந்தார். 1892இல் காலரா தடுப்பூசியைத் தமக்கே செலுத்திச் சோதித்தார். 1893இல் இந்தியா வந்து, 40,000க்கும் மேற்பட்டோருக்கு அதைச் செலுத்தினார்.

பிளேக் தடுப்பூசி

1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். நெய்த்துளிகள் மிதக்கும் இறைச்சிச் சாற்றில் பாக்டீரியாவை வளர்த்து, பின்னர் சூடாக்கிக் கொன்றார். சனவரி 10, 1897 அன்று அதைத் தமக்கே செலுத்திக்கொண்டார். அடுத்து பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குச் செலுத்தப்பட்டது. ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சலும் வீக்கமும் ஏற்பட்டன.

செயற்படும் விதம்

இவ்விளைவின் காரணம் ஹாஃப்கின் காலத்தில் அறியப்படவில்லை. பல பாக்டீரியாக்களின் புறப்படலத்தில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் மூலக்கூறு உள்ளது. மெச்னிக்கோவ் விவரித்த விழுங்கும் உயிரணுக்கள் இதை டிஎல்ஆர்4 என்ற ஏற்பியால் உணர்கின்றன. உடனே, உயிரணுவுக்குள் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் என்எஃப்-கப்பாபி என்ற புரதம் விடுபட்டு, உட்கருவுக்குள் சென்று டி.என்.ஏ.யில் இணைகிறது, காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இப்புரதத்தை 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் ஆகியோர் கண்டறிந்தனர். டிஎல்ஆர்4இன் பங்கை 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் வெளிப்படுத்தினர்.

முல்கோவால் நிகழ்வு

அக்டோபர் 1902இல் பஞ்சாபின் முல்கோவால் ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 19 பேர் தசைவிறைப்பு நோயால் இறந்தனர். அனைவருக்கும் ஒரே புட்டியிலிருந்து மருந்து செலுத்தப்பட்டிருந்தது. பழி ஆய்வகத்தின் மீது விழுந்தது; ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். புட்டியை அவ்வூரில் திறந்தபோது, உதவியாளர் தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியதாகச் சாட்சியம் இருந்தது.

அவர் பழி சுமந்த ஆண்டுகளில் பிளேக் ஓயவில்லை. 1905 அளவில் திருவண்ணாமலையிலும் பரவியது. அப்போது மலையில் வாழ்ந்த இரமண மகரிசி, சில மாதங்கள் பச்சையம்மன் கோயிலில் தங்கினார்.

ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் ஹாஃப்கினுக்காக வாதிட்டனர். 1907இல் அவர் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டது. கல்கத்தாவில் மீண்டும் பணியேற்றபோதும், மனிதர்களிடம் தடுப்பூசி சோதிக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இறுதிக்காலம்

ஓய்வுக்குப் பின் ஐரோப்பா திரும்பினார். பம்பாய் பரேலில் இயங்கிய அவரது ஆய்வகம் 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.