பந்தியில் பாகுபாடு... சொந்தக் கட்சியையே தட்டிக்கேட்ட ராசிபுரம் டாக்டர்! யார் இந்த வரதராஜுலு நாயுடு?

ராசிபுரம்னு சொன்னதும் பலருக்கு நெய் ஞாபகத்துக்கு வரும். புத்தகம் படிக்கிறவர்களுக்கு எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் நினைவுக்கு வருவார். அவர் பெயரின் முதல் எழுத்தே இந்த ஊர்தான். ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாடு காங்கிரஸை உலுக்கிய ஒரு சண்டையில் முன்னால் நின்ற ராசிபுரத்துக்காரரை இன்று பலருக்கும் தெரியாது. அவர்தான் டாக்டர் பெ.வரதராஜுலு நாயுடு. நாட்டு விடுதலைக்காகத் திரட்டிய பணத்தில் நடக்கும் பள்ளியில், சாதி பார்த்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடலாமா என்று தன் கட்சிக்காரர்களையே கேட்டவர்.

யார் இவர்?

1887 ஜூன் 4-ம் தேதி ராசிபுரத்தில் பிறந்தார். நாட்டு மருத்துவம் பார்த்ததால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' ஒட்டிக்கொண்டது. ஆனால், வைத்தியத்தைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மேடைதான். தமிழில் அனல் பறக்கப் பேசுவார். 'தென்னாட்டுத் திலகர்' என்றே அழைத்தார்கள். விருதுநகரில் இளைஞராக இருந்த காமராஜரைக் கவர்ந்த பேச்சாளர்களில் இவரும் ஒருவர்.

1918-ல் மதுரையில் பேசிய பேச்சுக்காக இவர் மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. இவருக்காக வாதாடியவர், சேலத்தில் பெரிய வக்கீலாக இருந்த ராஜாஜி. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டே சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெரியார், திரு.வி.க., நாயுடு மூவரையும் சேர்த்து நாயக்கர் - நாயுடு - முதலியார் என்று ஊரே பேசிய காலம் அது.

சண்டை எங்கே ஆரம்பிச்சது?

திருநெல்வேலி அருகே தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சேரன்மாதேவி. விடுதலை வீரர் வ.வே.சு.ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலம் அங்கே நடந்தது. தேசபக்தியும் தமிழும் தொழிலும் கற்றுத்தரும் பள்ளி என்பதால் பலரும் மனமுவந்து நன்கொடை கொடுத்தார்கள். மலேயா தமிழர்களும் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

ஆனால், அங்கே சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடுவது வெளியே தெரியவந்தது. ஐயர் தன்னளவில் சாதி பார்க்காதவர் என்றே பெயரெடுத்தவர். தனியாகச் சாப்பிட வைப்பதாக இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், அதை மீற முடியாது என்பது அவர் தரப்பு விளக்கம்.

நாயுடுவும் பெரியாரும் இதை ஏற்கவில்லை. எல்லோரிடமும் வாங்கிய பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே பந்திதான் என்றார்கள். வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக அதே காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே தெருவுக்குப் போராட்டம், இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பாகுபாடா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கட்சிக்குச் சுலபமாக இல்லை.

நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். விஷயம் காந்தி வரைக்கும் போனது. கொடுத்த வாக்குக்காக அந்த இரண்டு பிள்ளைகளை விட்டுவிடலாம், இனிமேல் சேர்பவர்களுக்கு ஒரே பந்தி என்று அவர் சமரசம் சொன்னார். அப்போதும் சச்சரவு ஓயவில்லை.

வாக்கெடுப்பில் என்னாச்சு?

1925 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசிய இயக்கத்தில் பங்கெடுக்கும் எந்த அமைப்பும் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ்.ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். 19-க்கு 7 என்ற கணக்கில் நிறைவேறியது.

எதிர்ப்பக்கம் நின்றவர் ராஜாஜி. பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்க வேண்டும் என்பதல்ல அவர் வாதம். குருகுல விஷயத்தில் கமிட்டி தலையிடக் கூடாது என்பதே அவர் நிலை. தீர்மானம் நிறைவேறியதும் அவரும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். நீதிமன்றத்தில் தனக்காக நின்ற நண்பரையே நாயுடு எதிர்க்க வேண்டியதானது.

அந்த ஜூன் மாதம் பாபநாசம் அருகே அருவியில் சிக்கிய மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். பின்னாளில் குருகுலமும் மூடப்பட்டது. நவம்பரில் நடந்த காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். நாயுடு உடனே வெளியேறவில்லை.

இது இங்கே மட்டும்தானா?

இல்லை. 1913-ல் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை கேட்டுப் பேரணி நடத்தினார்கள். அதிலேயே கறுப்பினப் பெண்களைப் பின்னால் போகச் சொன்னார்கள். ஐடா பி.வெல்ஸ் அதற்குக் கட்டுப்படாமல், நடுவழியில் தன் மாநிலக் குழுவோடு சேர்ந்து நடந்தார். முதலில் பெரிய போராட்டம், உள்ளே இருக்கும் குறையை அப்புறம் பார்ப்போம் என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படும் சமாதானம்தான்.

அப்புறம்?

1932-ல் சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கியவர் நாயுடு. பண நெருக்கடியால் சீக்கிரமே அது கைமாறியது. அடுத்த ஆண்டு விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜருக்காக ஜார்ஜ் ஜோசப்புடன் சேர்ந்து வாதாடினார். இடையில் காங்கிரஸை விட்டு விலகி, இந்து மகாசபையில் இருந்துவிட்டு, மறுபடி காங்கிரஸுக்கே வந்தார். இந்தத் திருப்பத்தை விமர்சிப்பவர்கள் உண்டு.

1953-ல் முதல்வர் ராஜாஜி புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்குள் எதிர்ப்பைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் நாயுடு. அப்போது அவருக்கு வயது 66. 1954-ல் ராஜாஜி பதவி விலக, ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

1957 ஜூலை 23-ல் நாயுடு மறைந்தார். 1925-ல் பந்தி, 1953-ல் பள்ளிக்கூடம். இரண்டு முறையும் பிறப்பைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிப்பதாக அவர் நினைத்ததை எதிர்த்தார். இரண்டு முறையும் எதிரே இருந்தது வெள்ளைக்காரர் இல்லை, சொந்தக் கட்சிக்காரர்கள்.