பாரதியாரும் மகாகவிப் பட்டமும்

ஒரு புலவரைப் பெரும்புலவர் எனத் தீர்ப்புச் செய்தற்குரியார் யாவர்? அரசரா, அறிஞரா, அன்றிப் பொதுமக்களா? இவ்வினாவிற்கு விடை காண விழைவார் சுப்பிரமணிய பாரதியாரின் சரித்திரத்தைச் சற்றே நோக்குதல் நலம்.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் தோன்றிய சுப்பையா, பதினோராம் பிராயத்திலேயே சமஸ்தானப் புலவர் முன்னிலையிற் கவி பாடிப் பாரதி என்னும் பட்டம் பெற்றார். முதற்றீர்ப்பு இவ்வாறு அரசவையிற் பிறந்தது. ஆயினும் பட்டம் பசி தீர்க்குமோ? தந்தையாரை இழந்து, காசியிற் சில ஆண்டு பயின்று மீண்ட அவர், 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதம் தமிழாசிரியராயிருந்து, அவ்வாண்டிலேயே சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையின் உதவியாசிரியரானார். பின்னர் இந்தியா என்னும் பத்திரிகையிற் கனல் கக்க எழுதியதனால் ஆங்கில அரசாங்கத்தின் சினத்துக்கு ஆளாகி, 1908இற் புதுச்சேரி புகுந்து, பத்தாண்டு அங்கே வறுமையோடு வாழ்ந்தார். கண்ணன் பாட்டும், குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும் அக்காலத்து விளைவுகளே.

1918இல் தாய்மண் திரும்பிய பாரதியார், 1920இல் தம் எழுத்துக்களையெல்லாம் நாற்பது நூல்களாக அச்சிடக் கருதி அன்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். வேண்டிய உதவி வந்திலது. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில், முப்பத்தொன்பதாம் பிராயத்தில், திருவல்லிக்கேணியில் அவர் ஆவி நீத்தார். சுடலைவரை உடன் சென்றோர் இருபதின்மருக்கும் குறைவு என்பர். இம்மௌனமும் ஒரு தீர்ப்பே போலும்!

வழக்கு மீண்டும் எழுந்தது 1935ஆம் ஆண்டில். உலகப் பெருங்கவிகளோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க மகாகவி பாரதியார் என்று வ. ரா. முழங்கினார். அப்போது ஆனந்த விகடன் ஆசிரியராயிருந்த கல்கியோ, பாரதியார் சிறந்த தேசிய கவியேயன்றி அவ்வரிசையில் வைத்தற்குரியரல்லர் என்று மறுத்தார். நாட்டன்பிற் கனிந்த பாட்டு, காலங்கடந்தும் நிற்குமோ என்பது ஐயுற்றார் வினா. கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் தினமணியில் விடை எழுதினர். அவ்விடைகள் 1937இல் கண்ணன் என் கவி என்னும் நூலாயின. அவர்கள் வெறும் புகழ்மொழி கூறி அமையவில்லை; பாடல்களை எடுத்து ஆராய்ந்து, தம் கட்சியை நாட்ட முயன்றனர். தமிழில் இலக்கியத் திறனாய்வு வளர்தற்கு இவ்விவாதம் பெரிதும் துணையாயிற்று.

இதன் பின் நிகழ்ந்ததே வியக்கத்தக்கது. மகாகவிப் பட்டத்தை மறுத்த அக்கல்கியே, எட்டயபுரத்திற் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று, வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1945இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மண்டபம், நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே திறக்கப்பெற்றது. வாழ்ந்த நாளில் நாற்பது நூலுக்குப் பொருள் தராத தமிழகம், மறைந்தபின் மண்டபத்துக்கு மகிழ்ந்து தந்தது. 1949இல் அவர் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் ஏற்றது; பின்னர் அது மக்களுக்குப் பொதுவாயிற்று.

இவ்வழக்கில் வென்றவர் வ. ரா. கட்சியினர் என்பதை உலகறியும். ஆயினும் தோற்றவர் கல்கி என யான் துணிந்து கூறேன். பட்டத்தை மறுத்தாரெனினும் அவர் பாடல்களைப் படித்தே மறுத்தார்; அன்பு குன்றாது மறுத்தார். நாமோ பரீட்சைத் தாளிற் பாரதியார் பெயருக்கு முன் மகாகவி என்று கை தானே எழுத விடுகின்றோம். குயில் பாட்டை முழுதும் படித்தவர் நம் வகுப்பில் எத்துணையர் என வினவின், யானும் சென்ற ஆண்டு வரை தலைகுனிய வேண்டியவனே. படித்தபின் அப்பட்டம் தகும் என்றே தெளிந்தேன். ஆனால் அத்தெளிவு அதன் பின்னரே என்னுடையதாயிற்று.

படியாது தரும் புகழ், படித்து மறுக்கும் மறுப்பினும் தாழ்ந்தது. முன்னோர் அளித்த தீர்ப்பை ஒவ்வொரு மாணவனும் நூலைத் திறந்து தானே ஆராய்ந்து கொள்வதன்றோ கவிஞர்க்குச் செய்யும் உண்மை மரியாதை?