நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன்

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் ரங்கநாதன். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்கலும் இருந்தது. ஆயினும் மனந்தளராது படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே தமக்குக் கணிதம் கற்பித்த எட்வர்ட் ராஸ் அவர்களை வாழ்நாள் முழுதும் குருவாகப் போற்றினார். பின்னர் மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணித ஆசிரியராக விளங்கினார். வகுப்பறை என்றால் அவருக்கு உயிர்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக அவரை அமர்த்தியது. சம்பளம் என்னவோ கூடுதல்தான். ஆனால் படிக்க வருவோர் அரிது; பேசவும் ஆளில்லை. சில நாட்களிலேயே சலித்துப்போய்ப் பழைய கல்லூரிக்கே ஓடிவந்து, தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி முதல்வரை வேண்டினார். இங்கிலாந்தில் நூலகப் பயிற்சி பெற்று வந்த பிறகும் பிடிக்கவில்லையானால் பார்க்கலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினார் முதல்வர். நல்ல வேளையாக அவர் உடனே இரங்கிவிடவில்லை!

இலண்டனில் பயிலும்போது ஒரு குறை ரங்கநாதன் கண்ணில் பட்டது. அக்காலப் பகுப்பு முறைகளில் பொருள்களை முன்கூட்டியே வரிசையாகப் பட்டியலிட்டு எண் கொடுத்திருந்தார்கள். நாடு, காலம் போன்ற சிலவற்றுக்குப் பொது எண்கள் உண்டு. மற்றபடி, ஒரே கருத்து பல தலைப்புகளின் கீழ் மீண்டும் மீண்டும் எழுதப்பட வேண்டியிருந்தது. அப்படி எழுதியும், புதிதாக ஓர் அறிவுத்துறை தோன்றினால் அதற்கு இடமில்லை.

இதற்கு விடை கிடைத்தது ஒரு பொம்மைக் கடையில். இலண்டன் செல்ஃபிரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் காட்டிக்கொண்டிருந்தார். அதே தகடுகள், அதே கம்பிகள், அதே திருகாணிகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள்! நூலுக்கும் இப்படியே செய்தால் என்ன என்று எண்ணினார் அந்தக் கணித ஆசிரியர்.

வேலூர் மருத்துவமனை நம் கணியம்பாடிக்கு அருகில் இருப்பதால், ஒரு மருத்துவ நூலையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே கதிரால் சிகிச்சை செய்வது பற்றிய நூல் என்று வையுங்கள். அவர் முறையில் மருத்துவத்துக்கு 'எல்' என்னும் ஆங்கில எழுத்து. அதன்பின் நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேக்கு 253, இந்தியாவுக்கு 44. ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரே முறைதான் எழுதப்பட்டிருக்கும். தேவைப்படும்போது எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். இந்திய வரலாறு பற்றிய நூலுக்கும் அதே 44தான். தொடக்கத்தில் கோக்கும் கயிறாக முக்காற்புள்ளி ஒன்றையே வைத்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன். ஆகவே 1933இல் வெளிவந்த அந்நூல் கோலன் பகுப்பு முறை எனப் பெயர் பெற்றது.

இன்றைய கணிப்பொறியின் நினைவகத்திலும் இதே சிக்கனம் உண்டு. ஒரே படத்தை நூறு பேர் சேமித்தால் நூறு படிகள் வைக்க வேண்டியதில்லை. ஒரு படியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அது இருக்கும் முகவரியைக் குறித்துவைத்தால் போதும். இடம் மிச்சமாகும், ஆனால் அந்த ஒரு படி கெட்டால் நூறு பேருக்கும் நஷ்டம். ரங்கநாதன் அட்டவணையிலும் ஓர் எண் தவறினால் அது எல்லா நூலுக்கும் பரவும். அவர் ஒவ்வொரு பதிப்பிலும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தது வீண் வேலையன்று.

1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். விடுமுறையே எடுக்காமல் சென்னையில் இருபது ஆண்டுகள் உழைத்தார். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, சுமார் 1 லட்சம் நூல்களைத் தாமே பகுத்து அடுக்கினார் என்பார்கள். 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர் முயற்சியே காரணம். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சேமித்த பணத்தில் 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். அப்பதவிக்குத் தம் பெயருடன் மனைவி சாரதா அம்மையாரின் பெயரையும் சேர்த்தார்.

எழுபது வயதில் பெங்களூரில் ஆவணப் பயிற்சி ஆய்வு மையத்தைத் தொடங்கி இளைஞர்களுக்குக் கற்பித்தார். வகுப்பறையை விட்டு வர மனமில்லாதிருந்தவர், 1972 செப்டம்பர் 27இல் அந்நகரிலேயே காலமானார்.